ஊருக்குப் போகும்போது வீட்டு வைஃபையையும் கொஞ்சம் கவனியுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் நாம் முதலில் கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான். ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து இணைந்துகொள்கிறோம். மெதுவாக இருக்கிறதே என்று முணுமுணுத்தபடியே விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தப் பெட்டியைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். ஆனால் அதைப் போன முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். புறப்படும் நாளில் கைவைத்தால், கோளாறு தெரியவரும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

முதலில் இடம். இணைப்புக் கொடுக்க வந்தவர் கம்பி எங்கே உள்ளே நுழைந்ததோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலும் அது வாசலோரச் சுவர், அல்லது தொலைக்காட்சிக்குப் பின்னால். கனமான செங்கல் சுவரும் கான்கிரீட்டும் அலையை விழுங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவர்களைக் கடந்து தூரம் போகும். பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல் உயரத்தில் மாற்றினால் பல வீடுகளில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஃபைபர் கம்பியை இழுத்து மடக்காதீர்கள். அது கண்ணாடி இழை, கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து இணைப்பே போய்விடும். ஃபைபர் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டு, அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் கம்பி ஒன்றை உள்ளே இழுத்து இன்னொரு ரவுட்டர் வைப்பதே நல்லது.

வீட்டில் எல்லோர் போனிலும் தெரியும் வைஃபை உங்கள் போனில் மட்டும் தெரியவில்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல் எனப்படும் சிறு பாதைகளாகப் பிரிந்திருக்கிறது; இந்தியாவிலும் இலங்கையிலும் 13ஆம் சேனல் வரை புழக்கத்தில் உண்டு. வட அமெரிக்காவில் விற்கப்படும் சாதனங்கள் வழக்கமாக 11ஆம் சேனலோடு நின்றுவிடுகின்றன. ரவுட்டர் தானாக 13ஐத் தேர்ந்திருந்தால் அங்கிருந்து வந்த சில போன்களுக்கும் மடிக்கணினிகளுக்கும் அது கண்ணிலேயே படாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்களும் இவைதான்.

வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த ரவுட்டரைச் சுமந்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை. பழுதானால் உள்ளூரில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிடிவாதமாகக் கொண்டுவருவதாக இருந்தால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் மின்சாரம் 230 வோல்ட்.

இனிப் பூட்டு. பலர் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையத் தனிக் கடவுச்சொல் ஒன்று உண்டு. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரும். அங்கே பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் ‘அட்மின்’ என்றே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை எளிதில் ஊகித்துவிடலாம் என்பது 2011லேயே அம்பலமாகிவிட்டது. மென்பொருள் புதுப்பிப்பு தானாக நடக்கும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். ஒரு எச்சரிக்கை: ரீசெட் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இணைய நிறுவனம் பதித்துவைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துபோகலாம். முதலில் அவற்றைக் குறித்து வாங்கிவையுங்கள்.

நம் வீடுகளில் உண்மையான ஓட்டை கண்காணிப்பு கேமராதான். பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நாம்தான் வைக்கச் சொல்கிறோம். மாட்ட வந்தவர் பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லைத் தொழிற்சாலை வைத்தபடியே விட்டு, ரவுட்டரில் ஒரு வாசலையும் திறந்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்குத் திறந்த வாசல் உலகத்துக்கே திறந்ததுதான். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றை ஏவி, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. ரவுட்டரில் இப்படித் திறந்த வாசல்களைக் காட்டும் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தைத் திறந்து, அங்கிருக்கும் வரிகளை நீக்குங்கள். சாதனங்கள் தாமாகவே வாசல் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி, ரவுட்டரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். கேமராவைத் தயாரிப்பாளரின் செயலி வழியே, இரட்டைச் சரிபார்ப்போடு பார்த்துக்கொள்ளலாம். வீட்டு வைஃபையிலிருந்து பிரிந்து நிற்கும் விருந்தினர் வைஃபை ரவுட்டரில் இருந்தால் கேமராக்களையும், வந்துபோவோரின் போன்களையும் அதில் விட்டுவிடுங்கள்.

மின்வெட்டுக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் 12 வோல்ட் என்றிருந்தால் யூபிஎஸ்ஸும் 12 வோல்ட்டே தர வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

புறப்படும் முன் வைஃபை பெயர், இரண்டு கடவுச்சொற்கள், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். வெளியார் கண்ணில் படாத அலமாரியில் இருந்தால் தாளைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. பெட்டியின் விளக்குகளையும் ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து காட்டிவிடுங்கள். ‘எல்ஓஎஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை; பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். அது அணைந்திருந்தும் இணையம் வரவில்லை என்றால் மட்டும் உங்களை அழைக்கட்டும்.