ஹட்டனில் உங்கள் காசு ஒருவரிடம் மாட்டிக்கொண்டால்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்கு, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் வேலைக்கோ கடை போடவோ வருகிறவர்கள் முதலில் சொற்களில்தான் தடுக்கி விழுவார்கள். இங்கே வக்கீல் கிடையாது, சட்டத்தரணி. புகார் கிடையாது, முறைப்பாடு. சம்மன் வராது, அழைப்பாணை வரும். தச்சர், கொத்தனார், மெக்கானிக் எல்லோருமே 'பாஸ்'. இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

வழி பழகத்தான் நாளாகும். யாராவது காசைத் தராமல் இழுத்தடித்தால் 'கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். சின்னத் தொகைக்கு இங்கே நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபை, அதாவது இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி இணக்கம் காணப் பார்க்கும் சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இந்தச் சபைகள் இன்று நாடு முழுக்க முன்னூறுக்கு மேல் இருக்கின்றன. எந்தத் தொகைவரை சபைக்குப் போயே ஆக வேண்டும் என்ற எல்லை அவ்வப்போது ஏறும். 2016இல் 5 இலட்சம் ரூபாயாக்கினார்கள். இன்றைய எல்லை எவ்வளவு, உங்கள் பகுதிக்கு எந்தச் சபை என்பதை வட்டார அரசு அலுவலகமான பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் போன கதையைச் சொல்கிறேன். அலுமாரி செய்ய ஒரு பாஸுக்கு 38,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். எப்போது கேட்டாலும், "அண்ணே, அடுத்த கிழம எடுத்துக்கலாம்" என்பார். கிழமை என்றால் இங்கே வாரம். எட்டு மாதம் அடுத்த கிழமையாகவே போயிற்று. கடைசியில் சபைத் தவிசாளருக்கு, அதாவது தலைவருக்கு, ஒரு கடிதம் எழுதினேன். யார், எவ்வளவு, எப்போது, என்ன பேச்சு என்று ஒரே பக்கம். சட்டத்தரணிக்குச் செலவில்லை, சபையில் சட்டத்தரணி உங்களுக்காக ஆஜராகவும் முடியாது.

சபை கூடியது ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நானும் பாஸும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்கார்ந்துகொண்டு நீண்ட நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை அன்று கண்டுபிடித்தேன். சபை உறுப்பினர்களில் ஒருவரை நான் தேர்ந்தேன், ஒருவரை அவர் தேர்ந்தார். அந்த இருவரும் மூன்றாமவரைத் தேர்ந்தார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், பேசவைப்பார்கள். பலகை வாங்க வைத்திருந்த காசு மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டது என்று பாஸ் அங்கேதான் முதன்முறை வாய் திறந்தார். நான்கு தவணை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மூன்றாவது தவணை மட்டும் பத்து நாள் பிந்தியது.

எல்லாருக்கும் இப்படி முடியாது. எதிர்த்தரப்பு வரவே இல்லை, வந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இணக்கம் ஏற்படவில்லை என்று சபை ஒரு சான்றிதழ் தரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்காது. சபையில் சொன்னதைப் பிறகு வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது, அதனால் மனம்விட்டுப் பேசலாம்.

சரி, எல்லாவற்றையும் சபைக்குக் கொண்டுபோகாதீர்கள். சம்பளப் பாக்கிக்குத் தொழில் திணைக்களம் (தொழிலாளர் துறை) இருக்கிறது. கடையில் வாங்கிய பொருள் பழுது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977.

எந்த வழியில் போனாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்குப் போட, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு 3 வருடம். கடையில் கடனுக்குக் கொடுத்த சாமானுக்கு 1 வருடம்தான். கடை போட வருகிறவர்கள் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். 'கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேனே' என்று இரண்டு வருடம் காத்திருந்து கோட்டைவிட்ட கடைக்காரர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், யாரிடமும் வாங்கவும் செய்யாதீர்கள். முதல் எவ்வளவு, முன்கூட்டிப் பிடித்தது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள்மேலேயே வழக்கு வந்தால்? பெரும்பாலும் முதலில் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரும். கடன் உண்மை என்றால் அப்போதே தவணை பேசுவது மலிவு. இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் போடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அழைப்பாணை. அதில் போட்டிருக்கும் நாளில் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பாணை கைக்கு வந்து 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டினால்தான் அதை நீக்கக் கேட்கலாம். புரோநோட்டு வழக்கு என்றால் இன்னும் இறுக்கம்: எதிர்வாதம் செய்யவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் பார்த்து உதவுவார்கள். மலைநாட்டு நீதிமன்றங்களில் வேலை சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. புரியாத தாளில் கூச்சப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

தோட்டத்துப் பக்கம் வீடு எடுத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். லயத்துக்கும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அதை ஒட்டிய வீடுகளுக்கும் வரும் கடிதங்கள் பல இடங்களில் தோட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், போய்க் குவியும். அறிவித்தல் ஒன்று இரண்டு கிழமை அங்கேயே கிடந்துவிட்டு, வழக்கு நாளுக்கு மறுநாள் கைக்கு வந்ததும் உண்டு. வாரம் ஒரு தடவை கந்தோர்ப் பக்கம் போய், "எனக்கு ஏதும் கடுதாசி இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.