கரண்டை அடிக்கடி பிசகுகிறதா? ஆபரேஷனும் அதற்குப் பிறகான பயிற்சியும், படிப்படியாக

திருநெல்வேலிப் பக்கம் கரண்டை, அதாவது கணுக்கால், பிசகினால் முதலில் தேடுவது நீவிவிடுகிற அண்ணாச்சியைத்தான். புதிதாகப் பிசகிய காலை எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது வீக்கத்தைத்தான் கூட்டும். நாலு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது கரண்டை எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால் முதல் வேலை எக்ஸ்ரே. நாம் இங்கே பேசப்போவது அதற்கு அடுத்த கட்டம்: ஒரு தடவை பிசகிய கால், மாதக்கணக்கில் ஆனபிறகும் வரப்பில் மட்டுமல்ல, சமதரையிலும் மடங்கிக்கொண்டே இருப்பது.

படி 1: ஆபரேஷன் தேவைதானா?

கரண்டையின் வெளிப்பக்கம் மூன்று ஜவ்வுகள் உண்டு. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் கிழிவது முன்பக்க ஜவ்வு. அடி பலமென்றால் அடுத்தது, குதிகால் எலும்புக்கு இறங்கும் ஜவ்வு. சரியாக ஆறாவிட்டால் இவை நீண்டு தொய்ந்துவிடும். டாக்டர் ஒரு கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நல்ல காலைவிட இது எவ்வளவு கூடுதலாக நகர்கிறது என்பதுதான் கணக்கு. உள்ளே குருத்தெலும்பு சேதமாகியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

போகும்போது பழைய செருப்பையும் கொண்டு போங்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் குதிகாலே உள்பக்கம் சாய்ந்திருக்கலாம். அந்தச் சாய்வைக் கவனிக்காமல் ஜவ்வை மட்டும் தைத்தால் மறுபடி தொய்ந்துபோக வாய்ப்பு அதிகம். சிலருக்குக் குதிகால் எலும்பையும் வெட்டி நேராக்க வேண்டிவரும்.

படி 2: முதலில் பிசியோதெரபி

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தே பலர் ஆபரேஷன் இல்லாமல் தப்பித்துவிடுகிறார்கள். “ஒழுங்காக” என்பதுதான் சிக்கல். வலி குறைந்த மறுநாளே பயிற்சியை விட்டுவிட்டு, பிசியோவால் பலனில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. முழுசாகச் செய்தும் மடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் செய்வது பிராஸ்ட்ராம் முறை. ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிராஸ்ட்ராம் 1966-ல் எழுதியது. 1980-ல் கோல்ட் என்பவர், பக்கத்திலுள்ள உறுதியான திசுப்பட்டையையும் சேர்த்துத் தைக்கும் முறையைக் கூட்டினார். தொய்ந்த கயிற்றுக் கட்டிலை அதே கயிற்றால் இறுக்குகிற மாதிரி, உங்கள் ஜவ்வையே இழுத்து எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். சிறு வெட்டு வழியாகவோ, துளையிட்டுக் கேமரா விட்டோ செய்யலாம். உடம்பே இயல்பில் வளைந்து கொடுப்பவர்கள், எடை கூடியவர்கள், ஏற்கெனவே ஒருமுறை செய்து தோற்றவர்கள் ஆகியோருக்குப் பலமான நாடா வைத்தோ, தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு கட்டியோ செய்வதுண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சுகர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்த வேண்டும். புண் ஆறுவதைப் புகை நிச்சயம் தாமதப்படுத்தும்.

படி 4: வீட்டைத் தயார் பண்ணுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, அவதிப்படுவது இதில்தான். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை சில வாரங்களுக்கு ஆகாது. மேலைநாட்டு மாடல் இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கீழ்த்தளத்தில் படுக்கை, கூடவே வாக்கர். அப்புறம் முக்கியமானது: சம்மணம் போட்டு உட்காரவே கூடாது. சம்மணத்தில் பாதம் கீழ்நோக்கி உள்பக்கம் மடங்கும். அதாவது தைத்த ஜவ்வு இழுபடும். பந்தியில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தால் நீங்கள் மட்டும் நாற்காலி கேளுங்கள், மாமா கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

படி 5: வாரங்கள்

முதல் இரண்டு வாரம் காலில் கட்டு. ஊன்றக் கூடாது, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். தையல் பிரித்ததும் பூட் (கரண்டையை அசையாமல் பிடிக்கும் சிகிச்சைக் காலணி) போட்டு, டாக்டர் சொன்ன அளவு மெல்ல ஊன்றலாம். சில டாக்டர்கள் இன்னும் சீக்கிரமே ஊன்றச் சொல்வார்கள்; உங்கள் டாக்டர் சொல்வதே சரி. இந்தக் கட்டத்தில் பாதத்தை மேலும் கீழும் மெல்ல அசைக்கலாம். உள்பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சலோ, புண்ணில் சீழோ வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். பாதத்தின் மேல்பக்கம் மரத்திருப்பது நரம்பு தொந்தரவு, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பின் அந்தப் பூட்டைக் கழற்றிப் பிரேஸுக்கு (கரண்டையைத் தாங்கும் உறைக்கு) மாறலாம். இனிமேல்தான் நிஜமான வேலை. ஜவ்வை டாக்டர் இறுக்கிவிட்டார். கால் மடங்கப்போகிறது என்று தெரிந்த கணத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது வெளிப்பக்கத் தசைகள். அவற்றை நீங்கள்தான் பழக்க வேண்டும்.

ரப்பர் பட்டையின் ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி, மறு நுனியைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டுங்கள். முழங்கால் அசையாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளி, அதைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். பத்துப் பதினைந்து முறை, மூன்று சுற்று. முழங்கால் சேர்ந்து திரும்பினால் தசை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒற்றைக்கால் நிற்பு. சுவர் ஓரமாக, வெறுங்காலோடு, முப்பது விநாடி. அது சுலபமாகிவிட்டால் கண்ணை மூடி. அதுவும் பழகினால் தலையணை மேல். நிற்கும்போது கரண்டை இப்படியும் அப்படியும் நடுங்கும். அந்த நடுக்கம்தான் பயிற்சி.

படி 6: களத்துக்கு

மூன்று மாதம் வாக்கில் நேர்க்கோட்டில் மெதுவாக ஓடலாம். விளையாட்டு பொதுவாக நாலு முதல் ஆறு மாதம். நாள்காட்டியை மட்டும் பார்க்காதீர்கள்: ஆபரேஷன் செய்த காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் தாவுவது இரண்டும் மற்ற காலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும்.

கபடி ஆடுபவர்கள் முதலில் தனியாகத் திரும்பி ஓடிப் பழகுங்கள். பிறகு யாரும் பிடிக்காத ரெய்டு. கரண்டையைப் பிடித்து இழுக்கிற பிடிக்குக் கடைசியில்தான் கால் கொடுக்க வேண்டும், அதுவும் டேப் சுற்றிக்கொண்டு.