பழைய காரின் பெட்ரோல் டேங்கை இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

கார்புரேட்டர் காரில் இன்ஜெக்ஷன் இன்ஜினை ஏற்றும்போது பேச்செல்லாம் பம்பைப் பற்றியே இருக்கும்: மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம், எந்த பிராண்ட். பம்ப் வாங்குவது சுலபம். வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் அந்தப் பம்பின் வாய் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கும்படி டேங்கை மாற்றுவதுதான் உண்மையான வேலை.

கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். டேங்கின் உறிஞ்சுகுழாய் ஓரிரு விநாடி காற்றை இழுத்தாலும் அந்தக் கையிருப்பு சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனில் அந்தக் கிண்ணம் கிடையாது. பம்ப் காற்றை விழுங்கிய மறுகணம் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாயில்) அழுத்தம் விழும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது, ஆனால் உள்ளே போகும் பெட்ரோல் குறையும். கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து) இன்ஜின் வெட்டும். டர்போ இன்ஜினில் முழு த்ராட்டிலின்போது இது நடந்தால் பிஸ்டனே உருகலாம். பழைய டேங்குகள் பெரும்பாலும் தட்டையானவை, அகலமானவை; உள்ளே தடுப்பு இருந்தாலும் பெயருக்குத்தான். கால் டேங்க் இருக்கும்போது ஒரு நீண்ட வளைவு வந்தால் பெட்ரோல் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

அழுத்தத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. இன்ஜினோடு சேர்ந்து ஓடும் பழைய டயாஃப்ரம் பம்ப் தருவது 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்). போர்ட் இன்ஜெக்ஷனுக்கு (உள்ளிழு வால்வுக்கு முன்னால் பீய்ச்சும் வகை) பொதுவாக 3 பார், அதாவது 43.5 பி.எஸ்.ஐ. வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) எல்.எஸ். வகை வி8 இன்ஜின்களுக்கு 4 பார், 58 பி.எஸ்.ஐ. ஆகவே பழைய ஹோஸ், பழைய கிளாம்ப், பழைய லைன் எதையும் அப்படியே விட முடியாது.

முதலில் கணக்கு

டர்போ இல்லாத இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.5 பவுண்ட் பெட்ரோல் குடிக்கும். 300 குதிரைத்திறன் என்றால் 150 பவுண்ட், அதாவது 68 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ, எனவே மணிக்கு 92 லிட்டர். கால் பங்கு கூடுதலாக வைத்தால் 115 லிட்டர். டர்போ இருந்தால் 0.5-க்குப் பதில் 0.6 அல்லது 0.65 என்று போடுங்கள்.

பம்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் அந்த அளவு வரும் என்ற வரைபடத்தைப் பாருங்கள். அழுத்தம் ஏற ஏறப் பாய்வு குறையும், வோல்டேஜ் விழுந்தாலும் குறையும். அதற்காகத் தேவைக்கு மூன்று மடங்கு பெரிய பம்பைப் போடுவதும் தவறு. இன்ஜின் எடுக்காத பெட்ரோல் அத்தனையும் ரிட்டர்ன் (டேங்குக்குத் திரும்பும் லைன்) வழியாகச் சுற்றிச் சுற்றி வந்து டேங்கைச் சூடாக்கும். ரிட்டர்ன் லைன் சிறியதாக இருந்தால் ஐட்லிங்கில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரால் அழுத்தத்தை இறக்கவே முடியாது.

டேங்கை வெட்டாத வழி

காரின் டேங்க் அரிதானது, வெட்ட மனமில்லை என்றால் சர்ஜ் டேங்க் என்ற சிறு இடைத்தொட்டி வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் உயரமான, குறுகலான உருளை போதும். பழைய உறிஞ்சுகுழாயிலிருந்து குறைந்த அழுத்த மின்பம்ப் ஒன்று சர்ஜ் டேங்கை நிரப்பும். உருளையின் அடியிலிருந்து உயர் அழுத்த பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாக ரெயிலுக்கு அனுப்பும். ரெகுலேட்டரின் ரிட்டர்ன் உருளையின் மேற்பகுதிக்கே திரும்பும். உருளையின் உச்சியில் உள்ள வாயிலிருந்து ஒரு குழாய் பழைய டேங்குக்குப் போகும். மிச்சப் பெட்ரோலும் காற்றுக் குமிழிகளும் அதன் வழியாக வெளியேறும். இந்த வாய் உருளையின் மிக உயர்ந்த புள்ளியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று மேலேயே சிக்கி நிற்கும்.

குறைந்த அழுத்த பம்ப் உயர் அழுத்த பம்புக்குச் சமமாக இறைக்க வேண்டுமா என்று பலர் குழம்புவார்கள். வேண்டாம். ரிட்டர்ன் உருளைக்கே வந்துவிடுவதால், இன்ஜின் உச்சத்தில் குடிக்கும் அளவைவிடச் சற்று அதிகம் இறைத்தால் போதும்.

பழைய டேங்கில் ரிட்டர்ன் வாய் இல்லையென்றால், பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை அலகின் மூடித்தட்டில் ஒரு குழாயைப் பற்றவைத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம் என்பதால் டேங்குக்கு நெருப்பே காட்ட வேண்டியதில்லை. ஆனால் டேங்கின் காற்றுக்குழாயை (வென்ட்) ரிட்டர்னாகப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம் டேங்க் மூச்சுவிட வழியிருக்காது.

குறைகளும் உண்டு: இரண்டு பம்ப், இரண்டு மடங்கு இணைப்பு, கூடுதல் சத்தம். சர்ஜ் டேங்கைப் பயணிகள் அமரும் பகுதியில் வைக்கவே கூடாது. டிக்கியில் வைத்தால் மூடிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு வெளிக்காற்று வழி கொடுங்கள்.

டேங்குக்குள்ளேயே பம்ப்

தினமும் ஓட்டும் காருக்கு இதுவே சிறந்தது. பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் பம்ப் குளிர்ச்சியாக இருக்கும், சத்தம் வெளியே கேட்காது. மின்பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். இன்லைன் பம்பை (டேங்குக்கு வெளியே லைனில் மாட்டுவது) இன்ஜின் பக்கம் மாட்டினால் சூடான நாளில் உறிஞ்சு பக்கத்தில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவது இதனால்தான். இன்லைன் பம்ப்தான் என்று முடிவு செய்தால், அதை டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே, டேங்குக்கு ஒட்டியே பொருத்துங்கள்.

உங்கள் மாடலுக்கு இன்ஜெக்ஷன் பம்போடு கூடிய புது டேங்க் கிடைத்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், அதையே வாங்குங்கள். கிடைக்காதவர்கள் பழைய டேங்கின் மேல்தகட்டில் துளையிட்டு மாட்டும் ரெட்ரோஃபிட் அலகைப் பார்க்கலாம். இவற்றில் பலவற்றுக்கு 3¼ அங்குலத் துளை போதும். போல்ட்டால் இறுக்குவதால் வெல்டிங் தேவையில்லை.

துளையிடுமுன் ஒரு எச்சரிக்கை. காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். காலி டேங்குக்குள் அந்த விகிதம்தான் எளிதில் அமையும். மூக்கை நம்பாதீர்கள். வாசம் போனாலும் துருவிலும் மடிப்புகளிலும் ஊறிய பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும்.

டேங்கை இறக்கி முழுவதும் வடியுங்கள். மிதவை அலகு, குழாய்கள், மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுடுநீரும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சோப்பும் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். ஒரு தடவை போதாது; கொட்டும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியாத வரை தொடருங்கள். அதன் பிறகு, துளையிடும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீரை நிரப்பி, மிச்ச இடத்தில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். கிரைண்டர் வேண்டாம். ஹோல்-சாவை (வட்டத் துளையிடும் வாள்) மெதுவாக ஓட்டுங்கள். பற்களில் கிரீஸ் தடவினால் துருவல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே விழுந்ததைக் காந்தத்தால் எடுங்கள்.

வெல்டிங் தேவைப்படும் வேலையானால் அதை டேங்க் வேலையே செய்யும் கடைக்குக் கொடுங்கள். பழைய டேங்குகள் பலவற்றில் ஈயம், வெள்ளீயக் கலவைப் பூச்சு இருக்கும். அதன் மேல் வெல்டிங் பிடிக்காது, வரும் புகை நச்சு.

துளை எங்கே? டேங்கின் மிக ஆழமான பகுதிக்கு நேர் மேலே. மிதவையின் கை ஆடும் வட்டத்துக்கு வெளியே. உள்தடுப்புக்கு மேலே அல்லாமல். மேல்தகட்டுக்கும் காரின் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். டேங்கின் மேல் களிமண் உருண்டை வைத்துக் காரில் ஏற்றி இறக்கினால், நசுங்கிய களிமண்ணின் உயரமே பம்ப் அலகின் மூடிக்கும் இணைப்புகளுக்கும் கிடைக்கும் இடம். இதைப் பார்க்காமல் துளையிட்டவர்கள் டிக்கித் தரையை வெட்ட வேண்டிவரும்.

இனி முக்கியமான பகுதி: பம்பைச் சுற்றி ஒரு தொட்டி. மேல்பக்கம் திறந்த, அடியில் சிறு துளைகள் அல்லது உள்நோக்கி மட்டும் திறக்கும் மடல்கள் கொண்ட, ஓரிரு லிட்டர் கொள்ளும் பெட்டி அது. ரிட்டர்ன் குழாயை இந்தப் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினாலும் ரிட்டர்ன் பெட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும். ரிட்டர்னின் முனை அடிவரை இறங்க வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை கிளம்பி, அதே நுரையைப் பம்ப் இழுக்கும். ரெட்ரோஃபிட் அலகுகள் சில பெட்டிக்குப் பதில் நுரைப்பஞ்சுத் தடுப்போடு வரும். ஹோலி நிறுவனத்தின் ஹைட்ராமேட் வேறு வழி: டேங்கின் அடியில் விரிக்கும் நுண்துளைப் பாய் அது. பெட்ரோலில் நனைந்திருக்கும் பகுதியிலிருந்து மட்டும் இழுக்கும்; வெளியே தெரியும் துளைகளைப் பரப்பு இழுவிசை மூடிவிடும். ஆழமில்லாத, அகலமான டேங்குக்கு இது பெட்டியைவிட நன்றாகப் பொருந்தும்.

துருப்பிடித்த டேங்க் என்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். கார்புரேட்டர் தாங்கிய துரு, பம்பின் வடிகட்டியைச் சில நாளில் அடைத்துவிடும். துருவை மூடப் பூசும் உட்பூச்சுகளில் சில எத்தனால் கலந்த பெட்ரோலில் உரிந்து வருகின்றன.

ஹோஸ், லைன், ஃபில்டர்

டேங்குக்குள் பம்பையும் அலகின் மூடியையும் இணைக்கும் சிறு ஹோஸில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) தர எண்ணில் 30ஆர்7 குறைந்த அழுத்தத்துக்கானது. 30ஆர்9 இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கும்; ஆனால் அதன் வெளிப்பக்கம் பெட்ரோலில் மூழ்கியிருக்கச் செய்யப்பட்டதல்ல, ஊறிக் கரையும். உள்ளே போட வேண்டியது 30ஆர்10. கிளாம்ப், விளிம்பு மடிந்த இன்ஜெக்ஷன் கிளாம்பாக இருக்கட்டும். துளைப்பட்டை உள்ளது ரப்பரை வெட்டும்.

நீளமான ஓட்டத்துக்கு இரும்பு அல்லது நிக்கல்-செம்புக் குழாய். போக 10 மி.மீ., திரும்ப 8 மி.மீ. பெரும்பாலான இன்ஜின்களுக்குப் போதும். ஏ.என். (விமானத்துறையிலிருந்து வந்த தரம்) இணைப்புகளின் கோணம் 37 பாகை, சாதாரண வாகனக் குழாய்களின் ஃபிளேர் (விரித்த வாய்) 45 பாகை. இரண்டையும் கலந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான். இடம் மாற்றி 10 மைக்ரானை உறிஞ்சு பக்கம் போட்டால் பம்ப் கத்தும், பிறகு சூடேறிச் சாகும். எல்.எஸ். இன்ஜினுக்குச் சுருக்கு வழி ஒன்று உண்டு: ஜி.எம்.மின் சி5 (ஐந்தாம் தலைமுறை) கார்வெட் காரின் ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த அலகு. 58 பி.எஸ்.ஐ.யில் நிலையாக இருக்கும். அதை டேங்குக்கு அருகே வைத்தால் ரிட்டர்ன் அங்கேயே திரும்பிவிடும், இன்ஜின் வரை ஒரே லைன் போதும்.

காற்று வழி, வயரிங்

பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் உள்ள பழைய காற்றுத்துளையை நம்பாமல், கார் உருண்டால் அடைத்துக்கொள்ளும் வால்வோடு தனி வென்ட் குழாய் வையுங்கள். டேங்கைவிட உயரமாக ஏற்றி வளைத்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் கேனிஸ்டரில் முடியுங்கள். அரைமணி நேரம் ஓடியதும் இன்ஜின் திணறி, மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி சரியாகிவிட்டால் குற்றவாளி வென்ட்தான்.

பம்புக்குத் தனி ரிலே, பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ், பின்னால் வரை 4 சதுர மி.மீ. வயர், நல்ல எர்த். ரிலேயை ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கணினி) இயக்கட்டும், மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்சும் சேருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பம்பின் முனையிலும் வோல்டேஜை அளந்தால் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மிதவை அலகை மாற்றினால் அதன் மின்தடை (ஓம்ஸ்) மீட்டருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1965-க்குப் பிந்தைய ஜி.எம். மீட்டர்களுக்குக் காலிக்கு 0, நிறைவுக்கு 90. தனியாக விற்கும் மீட்டர்கள் பலவற்றில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. பொருந்தாவிட்டால் முள் தலைகீழாக ஓடும்.

சோதனை

டேங்கைக் காரில் ஏற்றும் முன் எல்லா வாய்களையும் அடைத்து, 2 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் கொடுத்துச் சோப்புநீர் தடவுங்கள். அதற்கு மேல் போனால் தகடு உப்பிவிடும்.

ஏற்றிய பிறகு திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, ரிட்டர்ன் லைனின் டேங்க் முனையைக் கழற்றிக் கேனில் விட்டு, இன்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் 30 விநாடி இயக்குங்கள். வந்த லிட்டரை 120-ஆல் பெருக்கினால் மணிக்கணக்கு. மேலே சொன்ன 300 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது.

கடைசியாக ரெயிலில் அழுத்தமானி மாட்டி, கால் டேங்கோடு காலி மைதானத்தில் இரு பக்கமும் நீண்ட வட்டமடியுங்கள், பலமாகப் பிரேக் அடியுங்கள். மானியைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முள் வளைவில் மட்டும் விழுந்தால் பெட்டியில் குறை. நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் விழுந்தால் ஃபில்டர், வோல்டேஜ், பம்பின் அளவு என்ற வரிசையில் தேடுங்கள். ஐட்லிங்கில் அழுத்தம் தேவைக்கு மேல் நின்றால் ரிட்டர்ன் சிறியது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. சாவியை அணைத்ததும் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் பம்பின் ஒருவழி வால்வையும், டேங்குக்குள் இருக்கும் அந்தச் சிறு ஹோஸையும் முதலில் பாருங்கள்.