தீபாவளி மழையில் நாற்று, தைப்பூச வெயிலில் கதிர்: நீர் குறைந்த மேட்டு நிலத்தில் கேழ்வரகு பயிரிடும் முறை

மலேசியாவில் மழைக்குப் பஞ்சமில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் ஆகிய ஊர்களில் தோட்டப்புறத்தை ஒட்டிக் குடியிருப்போருக்கு, ஜனவரி பிறந்தால் கிணற்று நீர் எவ்வளவு கீழே இறங்கும் என்பது நன்றாகத் தெரியும். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் அதே மாதங்களில், நடுமலைத் தொடருக்கு மேற்கே இருக்கும் கெடாவும் பெர்லிஸும் காய்ந்து கிடக்கின்றன. முடா பாசனத் திட்டத்தால் 1970 முதல் கெடாச் சமவெளியின் வயல்களில் இருபோகம் நெல் விளைகிறது என்றாலும், ரப்பருக்கும் செம்பனைக்கும் இடையே உள்ள மேட்டு நிலங்களை அந்த வாய்க்கால்கள் எட்டுவதில்லை. அத்தகைய நிலத்தில் பெரும்பாலும் மழையையே நம்பிக் கேழ்வரகு விளைவிப்பது எப்படி என்பதை, முதன்முறையாகத் தானியம் பயிரிடுவோருக்காக இங்கே விளக்குகிறேன். கணக்கு எல்லாம் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடிக்கு 33 அடி நிலத்துக்கானது.

நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். கேழ்வரகுக்கு 350 மில்லிமீட்டர் போதும். மக்காச்சோளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால் கதிர் நுனியில் பட்டுநூல் போன்ற இழைகள் வெளிவரும் வாரத்தில் நீர் கிடைக்காவிட்டால் அதன் கதிர் பொக்காகிவிடும். அதனால் புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முதற்படி: நாள் குறித்தல்

இந்த முறையில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. பயிர் வளர மழை வேண்டும், கதிர் முற்ற வெயில் வேண்டும். நமது வட்டாரத்தின் பருவம் இவ்விரண்டையும் இதே வரிசையில் தருகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கனத்த மழை பெய்து, நவம்பரில் தொடர்ந்து, டிசம்பரில் குறைந்து, ஜனவரியில் ஏறக்குறைய நின்றுவிடும். கேழ்வரகு விதைத்ததிலிருந்து 100 முதல் 115 நாளில் விளையும். ஆகவே அக்டோபர் நடுவில் நாற்றுவிட்டு, நவம்பர் தொடக்கத்தில் நட்டால், தைப்பூசத்தை ஒட்டி அறுவடை அமையும். ஏப்ரல் மழையை நம்பி விதைத்தால் பயிர் செழிக்கும்தான். ஆனால் கதிர் முற்றும் காலத்தில் மழை குறுக்கிட்டால் தானியம் பூசணம் பிடிக்கும் அல்லது கதிரிலேயே முளைத்துவிடும்.

இரண்டாம் படி: விதை

கேழ்வரகின் மெல்லிய உமி அடிக்கும்போதே உதிர்ந்துவிடுவதால், மளிகைக் கடையில் விற்கும் முழுத் தானியமே பெரும்பாலும் முளைக்கும். முளைகட்டிக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவோருக்கு இது புதிய செய்தியாக இராது. தினை, சாமை, வரகு ஆகியவை உமி நீக்கிய அரிசியாகக் கடைக்கு வருவதால், அவற்றை விதைக்கென வாங்குவது வீண். தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்பும்போது பெட்டியில் நாலு பொட்டலம் விதை கொண்டுவரலாம் என்ற எண்ணம் சிலருக்கு எழலாம்; மாக்கிஸ் எனப்படும் மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனை இலாகாவின் இறக்குமதி அனுமதி இல்லாமல் அவ்வாறு கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

வாங்கிய தானியத்தில் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்து, ஐந்தாம் நாள் திறந்து பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்திருந்தால் 50 கிராம் விதை போதுமானது. பாதிகூட முளைக்காவிட்டால் வேறு கடை பாருங்கள். விதைப்பதற்கு முன் ஆறு மணி நேரம் நீரில் ஊறவைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வாறு கடினப்படுத்திய விதை சீராக முளைப்பதோடு, தொடக்கத்தில் வரும் ஈரக்குறைவையும் ஓரளவு தாங்கும்.

மூன்றாம் படி: நிலத்தைப் பண்படுத்துதல்

முழு வெயில் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். வளர்ந்த செம்பனையின் நிழலில் எந்தத் தானியமும் தேறாது. மறுநடவு செய்த இளஞ்செம்பனையின் வரிசைகளுக்கு இடையே, உரிமையாளரின் இசைவோடு, இரண்டொரு ஆண்டுகள் பயிரிட முடியும்.

நமது செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5-க்குக் கீழே இருந்தால், நடவுக்கு மூன்று வாரம் முன்பாக, உரக்கடையில் ஜிஎம்எல் என்று கேட்டால் கிடைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புத்தூளைச் சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம், மொத்தம் 20 கிலோ தூவிக் கொத்திவிட வேண்டும். மட்கிய சாணமோ கோழியெருவோ இடுவதானால் அதனுடன் சேர்த்து இடக்கூடாது. சுண்ணாம்பு பட்டால் எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். நடவுக்குச் சில நாள் முன்னதாக 100 முதல் 125 கிலோ மட்கிய சாணத்தைத் தனியாகக் கலந்துகொள்ளுங்கள்.

நிலம் சரிவாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே ஒரு சாண் உயர வரப்புகளை அமைத்து, வரப்பின் மேற்புறத்தில் அங்கங்கே முழங்கால் ஆழக் குழிகளை வெட்டுங்கள். தோட்டத்து மலைச்சரிவுகளில் வண்டல் பிடிப்பதற்காக வெட்டப்படும் குழிகளின் வேலையைத்தான் இவையும் செய்கின்றன: நவம்பர் மழை ஓடிப்போகாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஜனவரியில் வேர் குடிக்கப்போவது அந்த நீரைத்தான்.

நான்காம் படி: நாற்றும் நடவும்

ஐந்து சதுர மீட்டர் மேட்டுப்பாத்தியில் விதையை மணலோடு கலந்து பரவலாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, பூவாளியால் நீர் தெளித்து வாருங்கள். பதினைந்து முதல் பதினெட்டாம் நாளுக்குள் நாற்றைப் பிடுங்கி, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கயிறு கட்டி நேர்வரிசையில் நடவேண்டும். 100 சதுர மீட்டருக்கு 1,600 குத்துகள் வரும். இடைவெளி அதிகமாகத் தோன்றினாலும் நெருக்கி நடாதீர்கள். வேர் பரவ இடம் கிடைத்தால்தான் ஒவ்வொரு குத்தும் பக்கத்தண்டுகள் விட்டு நன்றாகத் தூர்கட்டும். வேரும் வறட்சியில் ஈரத்தைத் தேடிச் செல்லும்.

ஐந்தாம் படி: களை

நேர்வரிசையை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலாய்க்காரர்கள் சம்பாவ் என்று அழைக்கும் புல், செம்பனைத் தோட்டத்துப் பாதையோரம் எங்கும் அடர்ந்து கிடப்பது, கேழ்வரகுக்கு மிக நெருங்கிய உறவு. இளம்பருவத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். சம்பாவ் தரையோடு சாய்ந்து நாலாபுறமும் விரியும், அதன் அடித்தண்டு தட்டையாக வெளுத்திருக்கும். கேழ்வரகு நிமிர்ந்தே எழும். எனினும் உறுதியான அடையாளம் வரிசைதான்: கயிற்றுக் கோட்டுக்கு வெளியே இருப்பது எதுவானாலும் பிடுங்கிவிடலாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சம்பாவ் உலகிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1997-ல் மலேசியாவில்தான். ஆகையால் மருந்தை நம்பிப் பயனில்லை, பயிரும் சேர்ந்து கருகும். நட்ட 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் மண்வெட்டியால் கொத்திக் களையெடுத்தால், அதன்பின் பயிரின் நிழலே களையை அடக்கிவிடும்.

ஆறாம் படி: மூடாக்கும் நீரும்

இரண்டாம் களையெடுப்பு முடிந்தவுடன் மண்ணை மூடிவிடுங்கள். வெட்டிய லாலாங் புல், நறுக்கிய செம்பனை மட்டை, ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக்குலை ஆகிய எதுவும் ஆகும். வெற்றுக்குலையில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைய உண்டு. ஆனால் அதை ஒற்றை அடுக்காகவே பிய்த்துப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் அழுகும் குவியலுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்திலுள்ள இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும்.

நட்ட முதல் பத்து நாள், கதிர் வெளிவரும் நேரம், மணி பால்பிடிக்கும் நேரம் ஆகிய மூன்று கட்டங்களில் மட்டுமே பயிர் தாகத்தைப் பொறுக்காது. நண்பகலில் இலை சுருண்டால் பதறவேண்டாம். மறுநாள் காலையிலும் அது விரியாமல் இருந்தால் அன்று மாலை நீர் ஊற்றுங்கள். குத்துக்கு அரை லிட்டர் வீதம் அடியில் ஊற்ற, ஒரு முறைக்கு 800 லிட்டர் போதும். இது 200 லிட்டர் டிரம் நான்கின் கொள்ளளவு. 80 சதுர மீட்டர் தகரக்கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 600 லிட்டருக்கு மேல் சேரும் என்பதால், டிசம்பர் மழை ஓய்வதற்குள் டிரம்களை நிரப்பிக்கொள்வது கடினமன்று. ஆனால் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். டிங்கி கொசுவின் புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார இலாகா அபராதம் விதிக்கும்.

இலையில் நடு சாம்பலாகவும் ஓரம் பழுப்பாகவும் நடு அகன்று இருமுனையும் கூர்ந்த புள்ளிகள் தோன்றினால் அது குலைநோய். யூரியா அதிகமானால் அது முற்றும் என்பதால் உரத்தில் கை அடக்கம் வேண்டும். பால்பிடிக்கும்போது சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும், வலை விரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: அறுவடையும் அதற்குப் பின்னும்

எல்லாக் கதிர்களும் ஒரே நாளில் முற்றுவதில்லை. தாய்த்தூரின் கதிர் பழுப்பானதும் அதை மட்டும் அறுத்து, ஒரு வாரம் கழித்து மற்றவற்றை அறுக்க வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கோலால் அடித்துப் புடைத்து, மணியைப் பல்லால் கடித்தால் ‘நறுக்’கென்று உடையும்வரை மீண்டும் உலர்த்துங்கள். 15 முதல் 20 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வைக்கோலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தயக்கமின்றிப் போடலாம். வெள்ளைச்சோளத்துக்கு இது பொருந்தாது. வறட்சியில் வாடிய அதன் இளந்தட்டையில் சயனைடு நச்சு உண்டு.

கேழ்வரகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது. அதனால் நன்கு திரண்ட கதிர்களிலிருந்து 100 கிராம் மணியைத் தனியே எடுத்து, வேப்பிலையோடு காற்றுப்புகாத புட்டியில் அடைத்தால், அடுத்த அக்டோபருக்கு அதே குணமுள்ள விதை கையில் இருக்கும். அறுத்தபின் நிற்கும் அடித்தாள்களைப் பிடுங்காமல் மூடாக்கின் கீழ் அப்படியே மட்கவிட்டு, ஏப்ரல் மழை விழுந்ததும் அதே நிலத்தில் தட்டைப்பயறு ஊன்றுங்கள். பயறு அறுத்தபின் கொடியை மண்ணிலேயே மடக்கிக் கொத்திவிட்டால், அடுத்த நடவுக்கு வேண்டிய தழைச்சத்தில் ஒரு பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடும்.