சீனாவில் ஏ-லெவல் வகுப்பு எடுக்க: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் எப்படித் திணறும் என்று நம் பக்கத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்றுதான் தெரியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் சீன மாணவர்களிடமும் நீங்கள் பார்க்கப் போவது இதையேதான். ஆகவே விருத்தாசலத்திலோ வில்லியனூரிலோ தமிழ் மீடியப் பிள்ளைகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தேற்றிவிட்ட கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆசிரியரிடம் இந்த வேலைக்கான திறமையில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி காகிதமும், ஏ-லெவல் போன்ற வெளிநாட்டுத் தேர்வுகளின் நடைமுறையும்.

எந்தப் பள்ளி, எந்தப் பாடம்

"இன்டர்நேஷனல் ஸ்கூல்" என்ற ஒரே பெயரில் அங்கே மூன்று வகை உண்டு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று. சீனக் குடும்பங்களுக்கான தனியார் இருமொழிப் பள்ளி இன்னொன்று. அரசு மேல்நிலைப் பள்ளிக்குள்ளேயே தனியாக நடக்கும் சர்வதேசப் பிரிவு மூன்றாவது. நமக்கு வேலை பெரும்பாலும் பின்னிரண்டில்தான். ஒன்பதாம் வகுப்புவரை சீன அரசின் பாடத்திட்டம் கட்டாயம். 2021 செப்டம்பர் 1 முதல் இந்த விதி இன்னும் இறுகிவிட்டது. அதனால் ஏ-லெவல் (பிரிட்டிஷ் மேல்நிலைத் தேர்வு), ஏபி (அமெரிக்கப் பாடத்திட்டம்), ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) எல்லாம் பத்து முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில்.

இந்தப் பாதைக்கு வந்த மாணவர் 'காவ்காவ்' என்ற தேசிய நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டார். பாதியில் திரும்பிப் போவது கடினம். வகுப்பில் தெரியும் பதற்றத்துக்கும், பெற்றோர் இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்புவதற்கும் காரணம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் யார்மீதும் எரிச்சல் வராது.

ஆங்கிலப் பாட ஆசிரியர் வேலைக்கு விளம்பரங்கள் நிறைய வரும். அந்த வேலைக்கான பணி அனுமதியில் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுப் பாஸ்போர்ட்டைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல், பொருளாதாரம் என்று பாடத்தை நம்பி விண்ணப்பிப்பதே நல்லது.

பெயரில் தொடங்குங்கள்

பெரும்பாலான ஆசிரியர்கள் வரும் பிரிவுக்குப் பணி அனுமதி கேட்பவை இவை: இளநிலைப் பட்டம், பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர அனுபவம், 60 வயதுக்குள் இருத்தல், போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை. படிக்கச் சுலபமாக இருக்கும். தமிழருக்குச் சிக்கல் வருவது பெயரில்.

டிகிரி சான்றிதழில் "ஆர். குமரவேல்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "ராமசாமி குமரவேல்". அனுபவச் சான்றில் "குமரவேல் ஆர்." சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலி. நமக்கு மூவரும் ஒருவர்தான். சீனத்து அலுவலருக்கு இனிஷியல் என்ற வழக்கமே புதிது, அவருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்தான் மூலம், மற்றவை அதற்குப் பொருந்த வேண்டும். வேறுபாடு இனிஷியல் அளவில் இருந்தால் நோட்டரியிடம் "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரம் வாங்கி, அதைப் பள்ளியின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி ஏற்பார்களா என்று கேளுங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிடுவதுதான் வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்தது சான்றொப்பம், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வைப்பது. சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டில் முறைக்கு (ஒரே முத்திரையோடு சான்றிதழை இன்னொரு நாடு ஏற்கும் முறை) வந்துவிட்டது என்று ஏஜென்ட் சொல்வார். உண்மைதான், ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது செல்லுபடியாகாது. நமக்குப் பழைய மூன்று படிதான்: முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் சீனத் தூதரகம். அப்போஸ்டில் முத்திரைக்குப் பணம் கட்டிவிட்டால் அது வீண்.

மாநில அரசு என்பது நீங்கள் குடியிருக்கும் மாநிலம் அல்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலம். புதுச்சேரியில் வசித்துக்கொண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் சென்னைக்குப் போக வேண்டும். கடலூரில் இருந்துகொண்டு காலாப்பட்டில் படித்தவர் புதுச்சேரி அரசிடம் போக வேண்டும். புரொவிஷனல் சான்றிதழ் போதாது, பட்டமளிப்புச் சான்றிதழே வேண்டும். அதை இன்னும் வாங்காமல் இருப்பவர்கள் இன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். தொலைதூரக் கல்வியில் பெற்ற பட்டம் என்றால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் தெரியவந்தால் கோப்பு நின்றுவிடும்.

போலீஸ் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். ஆறு மாதத்துக்குள் பெற்றதைத்தான் பொதுவாகக் கேட்பார்கள் என்பதால் டிகிரி வேலையை முதலில் முடித்துவிட்டு இதைப் பிறகு எடுங்கள். அனுபவச் சான்று பள்ளியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், வகுப்புகள், முழுநேரம் என்ற சொல், கையெழுத்திட்டவர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். அந்த எண்ணை எடுத்துப் பேசிச் சரிபார்ப்பதுண்டு.

அவர்களுக்குப் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். ஆள் எடுப்பது முந்தைய நவம்பரிலிருந்து மார்ச்வரை மும்முரம். நம் பொதுத்தேர்வு முடியட்டும் என்று ஏப்ரல்வரை காத்திருந்தால் நல்ல இடங்கள் போயிருக்கும். நவம்பரில் விண்ணப்பம், ஜனவரிக்குள் டிகிரி சான்றொப்பம், ஏப்ரலில் போலீஸ் சான்று, பள்ளி அங்கே பணி அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்பியதும் வேலைக்கான இசட் விசா. இந்த வரிசையில் போனால் ஆகஸ்டில் மூச்சு முட்டாது.

"முதலில் டூரிஸ்ட் விசாவிலோ பிசினஸ் விசாவிலோ வாருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான். வேலை வாங்கித் தரும் நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது வழக்கமாகப் பள்ளிதான். ஆசிரியரிடம் லட்சக்கணக்கில் கேட்பவர் நல்ல ஆளில்லை.

டெமோ வகுப்பு

வேலைக்கு எடுக்கும் முன் பள்ளி உங்களை ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்: 15 முதல் 20 நிமிடம், கணினித் திரையில். நம்மவர்கள் செய்யும் தவறு, முழுப் பாடத்தையும் அந்த நேரத்துக்குள் அடக்கப் பார்ப்பது. ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். அதைப் படிக்கச் சொல்லுங்கள், அதில் எந்தச் சொல் தடுக்கிறது என்று கேளுங்கள், பிறகு தீர்வை எழுதுங்கள். பேச்சின் வேகத்தை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். உச்சரிப்பைவிட வேகம்தான் கேட்பவரைத் தடுக்கிறது.

அதற்கு முன் பழைய வினாத்தாள்களோடு மூன்று மாதம் பழகியிருக்க வேண்டும். வாரம் இரண்டு தாளைக் கடிகாரம் வைத்து எழுதி, அதிகாரபூர்வ மதிப்பெண் திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் கணக்கில் முதல் தாள் 75 மதிப்பெண், 1 மணி 50 நிமிடம். இயக்கவியல் தாள் 50 மதிப்பெண், 1 மணி 15 நிமிடம். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவருக்கு வகைநுண்கணிதமும் வெக்டரும் சிரமமில்லை. புள்ளியியல் பகுதியில் வரும் எடுகோள் சோதனையைத்தான் புதிதாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

சின்ன விஷயம்போலத் தெரிந்து மதிப்பெண்ணைத் தின்பவை சில உண்டு. புவியீர்ப்பு முடுக்கத்துக்குக் கேம்பிரிட்ஜ் கணக்குத் தாளில் 10, அதே வாரியத்தின் இயற்பியலில் 9.81, எட்எக்செல் என்ற இன்னொரு வாரியத்தின் கணக்கில் 9.8. கேம்பிரிட்ஜ் கணக்கில் விடை மூன்று பொருளுள்ள இலக்கம், கோணம் டிகிரியில் ஒரு தசமம். ஒரே மாணவர் காலையில் கணக்கும் மதியம் இயற்பியலும் எழுதுவார். இரண்டையும் வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கிளம்பும் முன்

சீனாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டுக்கு இந்தியாவில் 2020 முதல் தடை. ஆகவே வீட்டாரோடு பேச இரண்டு பக்கமும் ஓடும் ஒன்றை, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போல, வீட்டில் உட்கார்ந்தே நிறுவி, அம்மாவுக்கும் பழக்கிவிடுங்கள். இந்திய சிம்மில் ரோமிங் வசதியைப் போட்டுக்கொண்டு போங்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். யூபிஐயை நம்பிப் போகாதீர்கள். அங்கே பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்தால் முதல் மாதம் ஓடிவிடும். கூகுள் டிரைவில் இருக்கும் பாடக் குறிப்பு, வினாத்தாள் அனைத்தையும் ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு. 30 நாளுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பம். பள்ளியிலிருந்து ஓர் ஆள் கூட வருவார். அவர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. உங்கள் அனுமதி அந்த ஒரு பள்ளிக்கு மட்டும். மாலையில் தனியாக டியூஷன் எடுக்கக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். வகுப்பில் நாட்டு எல்லை காட்டும் வரைபடம் எதையும் போடாதீர்கள்.

வகுப்பில்

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று நம்மூரில் கோரஸாக வரும். அங்கே தலையாட்டுவார்கள். இரண்டும் ஒன்றே, இரண்டையும் நம்பக் கூடாது. கை தூக்கச் சொல்லிக் காத்திருந்தால் யாரும் தூக்க மாட்டார்கள், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். ஏ4 தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள், மார்க்கரில் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். யாருக்குத் தெரியவில்லை என்பது பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

குறியீட்டுக் கணிதத்தில் பலர் உங்களைவிட வேகமாக இருப்பார்கள். சிக்கல் அந்த வேகத்தில்தான். 'ஷோ தட்' என்று தொடங்கும் கேள்வியில் விடை முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது, மதிப்பெண் முழுக்க இடைப்படிகளுக்கு. மனதில் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதும் மாணவர் அதை இழக்கிறார். 'ஹென்ஸ்' என்றால் முந்தைய பகுதியின் விடையைப் பயன்படுத்தியே தீர வேண்டும், வேறு வழியில் சரியான விடை வந்தாலும் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். 'எக்ஸாக்ட்' என்றால் தசமம் கூடாது, வர்க்கமூலமும் பையும் அப்படியே நிற்க வேண்டும். 'ஸ்டேட்' என்றால் விளக்கம் வேண்டாம். இந்த நான்கு சொல்லுக்கு முதல் இரண்டு வாரத்தைக் கொடுத்தாலும் தகும்.

வேதியியலில் இன்னும் நுணுக்கம். ஹைட்ரஜன் சல்ஃபைடைவிட நீரின் கொதிநிலை ஏன் அதிகம் என்று கேள்வி. மாணவர் எழுதுவார்: "தண்ணீரில் ஹைட்ரஜன் பாண்ட் இருக்கிறது, பாண்ட் ஸ்ட்ராங், உடைக்க எனர்ஜி வேண்டும்." அவருக்கு விஷயம் தெரியும். திருத்துகிறவருக்கு எந்தப் பிணைப்பு உடைகிறது என்று தெரியவில்லை. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடைந்தால் தண்ணீரே சிதைந்துவிடும், கொதிக்காது. விடுபட்டது "மூலக்கூறுகளுக்கு இடையே" என்ற ஒரே தொடர். ஒப்பீடும் விடுபட்டது: ஹைட்ரஜன் சல்ஃபைடில் இருக்கும் ஈர்ப்பைவிட வலுவானது என்று சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட விடையைக் கரும்பலகையில் எழுதி, என்ன குறைகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் நல்ல விடையை டிக்டேட் செய்தால் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அடுத்த கேள்வியில் அதே ஓட்டை.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எட்டுப் பத்துச் சொற்களில் ஓர் இருமொழிப் பட்டியல் தேவை. ஆங்கிலச் சொல்லும் ஒரு முழு வாக்கியமும் நீங்கள் கொடுங்கள், சீனச் சொல்லை அவர்கள் எழுதட்டும். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பியை மட்டும் நம்ப விடாதீர்கள். 'மொமென்ட்' என்று போட்டால் திருப்புத்திறன் வராமல் கணப்பொழுது வரும். 'நார்மல்' என்றால் செங்குத்துக் கோடு வராமல் சாதாரணம் வரும். சீன சக ஆசிரியர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டிச் சரிபார்த்த பிறகே ஒட்டுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பர்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கான பிரிட்டிஷ் விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1. அதனால் எதிர்பார்ப்பு கிரேடும் (இறுதித் தேர்வில் மாணவர் எடுப்பார் என்று ஆசிரியர் கணிப்பது) பரிந்துரைக் கடிதமும் செப்டம்பரிலேயே தயாராக வேண்டும். பெற்றோர் கிரேடை ஒரு படி ஏற்றிக் கேட்பார்கள். வாயால் வாதாடாதீர்கள். ஆகஸ்டில் வந்த ஏஎஸ் (ஏ-லெவலின் முதல் பாதித் தேர்வு) முடிவு, தேதியிட்ட மாதிரித் தேர்வுத் தாள்கள், கிரேடு எல்லையை எப்படி வைத்தீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு, இவை கோப்பில் இருந்தால் பேச்சு அங்கே முடிந்துவிடும். ஏற்றிக் கொடுத்த கிரேடு அந்தப் பிள்ளைக்கே ஆபத்து: அதை நம்பி, இந்தக் கிரேடு வந்தால்தான் என்ற நிபந்தனையோடு பல்கலைக்கழகம் கொடுத்த இடம் ஆகஸ்டில் கை நழுவும்.

கடிதத்துக்குப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு நோட்டு போடுங்கள், மாணவருக்கு ஒரு பக்கம். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்பது எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. என்று எந்தக் கணக்கில் முட்டினார், எப்படி வெளியே வந்தார், பக்கத்து மாணவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்று தேதியோடு இரண்டு வரி எழுதி வைத்தால் கடிதம் தானாக அமையும். வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சி எழுதிய வரைவில் கையெழுத்து மட்டும் கேட்டு வந்தால், "மாணவரைப் பற்றிய தகவல்களை அனுப்புங்கள், கடிதத்தை நானே எழுதுகிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் பதில் அனுப்புங்கள். எழுதியதைப் பள்ளி மின்னஞ்சலிலிருந்து நீங்களே ஏற்றுங்கள், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாணவரிடமோ ஏஜென்சியிடமோ கொடுக்காதீர்கள்.