படக் குறிப்பு நிரலில் அண்டூ, ரீடூ சேர்ப்பது எப்படி?

படத்தில் பெட்டியோ பாலிகனோ வரைந்து லேபிள் கொடுக்கும் ஒரு நிரலை பைதானிலும், சாளர நிரல்கள் எழுத உதவும் க்யூடி (Qt) நூலகத்திலும் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படம் திறக்கிறது, பெட்டி வருகிறது, ஜேசான் கோப்பில் சேமிக்கவும் முடிகிறது. செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல் இசட்டும் (அண்டூ), திருப்பியதை மறுபடி செய்யும் ரீடூவும் மட்டும்தான் பாக்கி.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லா வடிவங்களையும் நகலெடுத்து வைப்பது. லேபிள்மீ (labelme) என்ற படக் குறிப்பு நிரல் இப்படித்தான் செய்கிறது. வெறும் பெட்டிகள் என்றால் இதுவே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. ஆனால் தூரிகையால் மாஸ்க் (எந்தப் பிக்சல் எந்த லேபிளுக்கு என்று காட்டும் பூச்சு) பூசும் வசதி இருந்தால் கதை வேறு. 4000 × 3000 படத்துக்கு, பிக்சலுக்கு ஒரு பைட் வைத்தாலும் ஒரு நகல் 12 எம்பி. 50 நகல் வைத்தால் 600 எம்பி போய்விடும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு செயலையும் ஒரு கட்டளைப் பொருளாக்கி ஓர் அடுக்கில் (ஸ்டாக்) போடுவது. ஒவ்வொரு கட்டளைக்கும் தன்னைச் செய்யவும் தெரியும், திருப்பவும் தெரியும். இந்த அடுக்கை நீங்களே இரண்டு லிஸ்ட் வைத்து எழுதலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். க்யூடியில் க்யூஅண்டூஸ்டாக் (QUndoStack) என்ற அடுக்கு தயாராகவே இருக்கிறது. (க்யூடி 5-இல் இது விட்ஜெட்ஸ் தொகுப்பில் இருந்தது, 6-இல் க்யூடிஜியூஐக்கு மாறிவிட்டது. இம்போர்ட் பிழை வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.)

முதல் படி: சாளரத்தில் ஓர் அடுக்கை உருவாக்கி, அதன் கிரியேட்அண்டூஆக்‌ஷன், கிரியேட்ரீடூஆக்‌ஷன் இரண்டையும் மெனுவில் சேருங்கள். திருப்ப எதுவும் இல்லாதபோது மெனு தானாகவே மங்கிவிடும். குறுக்குவிசையைக் கையால் எழுதாமல் க்யூகீசீக்வென்ஸில் உள்ள நிலையான அண்டூ, ரீடூ மதிப்புகளைக் கொடுங்கள். ரீடூ விசை எல்லா இயங்குதளத்திலும் ஒன்றல்ல.

இரண்டாவது படி: சேர்த்தல், நீக்குதல், நகர்த்தல், லேபிள் மாற்றல் என ஒவ்வொன்றுக்கும் க்யூடியின் க்யூஅண்டூகமாண்ட் (QUndoCommand) கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் எழுதுங்கள்.

நகர்த்தலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். மவுஸ் அசையும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கட்டளை போட்டால், பெட்டியை ஒருமுறை இழுத்ததைத் திருப்ப நூறு தடவை கண்ட்ரோல் இசட் அழுத்த வேண்டிவரும். பயனருக்கு அது ஒரே செயல். எனவே மவுஸை அழுத்தும்போது பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இழுக்கும்போது பெட்டியைச் சும்மா நகர்த்திக் காட்டுங்கள், விடும்போது இடம் உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் ஒரே ஒரு கட்டளையை அடுக்கில் போடுங்கள் (புஷ்).

இப்போது அடுத்த பொறி. புஷ் செய்த உடனே க்யூடி அந்தக் கட்டளையின் ரீடூவை ஓட்டிவிடும். உங்கள் ரீடூ "10 பிக்சல் வலப்பக்கம் தள்ளு" என்று எழுதப்பட்டிருந்தால், ஏற்கெனவே இழுத்து வைத்த பெட்டி இன்னொரு 10 பிக்சல் தாவும். தீர்வு எளிது: எவ்வளவு தூரம் என்பதை வைக்காதீர்கள். பழைய இடம், புதிய இடம் இரண்டையும் முழுதாக வையுங்கள். ரீடூ புதியதை அமைக்கட்டும், அண்டூ பழையதை அமைக்கட்டும். எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றுதான். அந்த இடமும் படத்தின் பிக்சல் கணக்கில் இருக்க வேண்டும், திரையின் கணக்கில் அல்ல. நடுவில் யாராவது ஜூம் செய்துவிட்டால் பெட்டி எங்கோ போய் உட்காரும். ஜூமையே அடுக்கில் போடவும் வேண்டாம், அது எரிச்சல்.

மூன்றாவது படி: வடிவத்தை லிஸ்டில் அது எத்தனையாவது என்று வைத்து அடையாளம் காணாதீர்கள். முன்னால் இருக்கும் ஒன்றை நீக்கினால் எண்கள் மாறிவிடும். ஒவ்வொரு வடிவத்துக்கும் மாறாத ஓர் ஐடி கொடுங்கள். நீக்கும் கட்டளை, வடிவத்தையும், மற்ற வடிவங்களுக்கு மேலா கீழா என்று அது இருந்த வரிசையையும் சேர்த்தே பிடித்து வைத்திருக்கட்டும். இல்லாவிட்டால் அண்டூ செய்தபின் கீழே இருந்த பெட்டி மேலே வந்து நிற்கும்.

அம்புக்குறி விசையால் நகர்த்தும்போது ஒவ்வோர் அழுத்தலும் தனிக் கட்டளையாகிவிடும், அதற்கு மட்டும் அடுத்தடுத்த கட்டளைகளை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ்வித் (mergeWith) தேவை. கட்டளையின் ஐடி முறை (id(), வடிவத்தின் ஐடி அல்ல) -1 அல்லாத ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் க்யூடி இணைக்கவே முயலாது. இரண்டு கட்டளைகளும் ஒரே வடிவத்துக்கா என்று பார்த்துவிட்டு இணைத்துவிடுங்கள்.

மாஸ்க்குக்கு, தூரிகை தொட்ட செவ்வகத்தை மட்டும், முன்பும் பின்பும் இருந்தபடி வைத்தால் போதும். 200 × 200 பகுதிக்கு இரண்டும் சேர்த்து 80 கேபிதான்.

சேமித்தவுடன் அடுக்கின் செட்க்ளீன் (setClean) முறையை அழையுங்கள். சேமித்த நிலைக்கே அண்டூ செய்து வந்தால், கோப்பு மாறவில்லை என்று அடுக்கே சொல்லிவிடும்.

பின்னர் சேர்த்தது: படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயங்கள். அடுத்த படத்துக்குப் போனபின் கண்ட்ரோல் இசட் முந்தைய படத்தை மாற்றுகிறது என்றால், படத்துக்கு ஓர் அடுக்கு வைத்து அவற்றை க்யூஅண்டூகுரூப்பில் (QUndoGroup, பல அடுக்குகளைச் சேர்த்து வைக்கும் கிளாஸ்) சேருங்கள். அடுக்கில் எத்தனை கட்டளைகள் வரை இருக்கலாம் என்று சொல்லும் செட்அண்டூலிமிட் (setUndoLimit) வேலை செய்யவில்லை என்றால், அதை அடுக்கு காலியாக இருக்கும்போதே அழைத்தீர்களா என்று பாருங்கள். அப்புறம், மவுஸை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் இசட் அழுத்துபவர்களும் இருக்கிறார்களாம்! இழுப்பு முடியும்வரை அண்டூ, ரீடூ ஆக்‌ஷன்களைச் செயலிழக்கச் செய்துவிட்டு, மவுஸை விட்டதும் அடுக்கின் கேன்அண்டூ (canUndo), கேன்ரீடூ (canRedo) முறைகள் சொல்லும் நிலைக்கே திருப்பி வையுங்கள்.