கட்டியின் நிறத்தைப் பார்த்துக் காரணம் சொல்லலாமா?

பக்கவாதம் வந்தவரின் மூளைத் தமனியில் அடைத்திருக்கும் ரத்த உறைகட்டியை இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமி சிகிச்சை, 2015-இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளியான பிறகுதான் வேரூன்றியது. அதற்கு முன்பு இந்தக் கட்டி ஆய்வகத்துக்குக் கிடைத்ததே அபூர்வம். இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. தப்பாகப் படிக்கவும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

நிறத்தை வைத்தே தீர்ப்பு எழுதுவதுதான் பெரிய தவறு. சிவப்பணு நிறைந்த கட்டி இதயத்திலிருந்து வந்தது, தட்டணுவும் ஃபைப்ரினும் (ரத்தத்தை உறையவைக்கும் புரத இழை) மிகுந்த வெள்ளைக் கட்டி கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்து வந்தது என்பது பழைய பாடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்த கட்டிகளைச் சாயமேற்றி அளந்தபோது, பல ஆய்வுகளில் இதயத்துக் கட்டிகளில்தான் ஃபைப்ரின் கூடுதலாக இருந்தது. சிலவற்றில் நேர்மாறு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. நூறு பேரின் சராசரியில் தெரியும் போக்கை ஒருவருடைய கட்டியில் ஏற்றிச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேனில் தமனி வெள்ளையாகப் பளிச்சிட்டாலும் அப்படித்தான்: சிவப்பணு அதிகம் என்று ஊகிக்கலாம், எங்கிருந்து வந்தது என்று அல்ல.

ஒரே கட்டியில்கூட ஓரமும் நடுவும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு சீவலைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் ஏமாறுவோம். முன்கூட்டியே கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தைப் போட்டிருந்தால் கொஞ்சம் கரைந்தும் போயிருக்கும். அதைப் பரிசோதனைப் படிவத்தில் எழுதாமல் விடுவது சர்வசாதாரணம்.

அப்புறம், காரணம் பிடிபடாத பக்கவாதத்தில் கட்டி இதயத்துக் கட்டிபோல் தெரிந்தால் உடனே ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்கும் ஆசை. மூலம் தெரியாத பக்கவாதத்தில் ரிவரோக்ஸபான் என்ற அத்தகைய மருந்தை ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட 2018 ஆய்வில் மறுதாக்குதல் குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அதைவிட இதயத்துடிப்பை நீண்டநாள் கண்காணிப்பது மேல். 2014-இல் வெளியான கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில், தோலுக்கடியில் பதித்த கருவி ஓராண்டில் 12.4 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது இதயத்தில் ரத்தம் உறைய வழிசெய்யும் ஒழுங்கற்ற துடிப்பைக், கண்டுபிடித்தது. வழக்கமான கண்காணிப்பில் சிக்கியது 2 சதவீதம்தான்.

அதற்காகக் கட்டியைக் குப்பையில் போடுவதும் தவறே. இதய வால்வில் கிருமித்தொற்று இருந்தால் கட்டிக்குள் பாக்டீரியா தெரியும். இதயத்தில் மிக்ஸோமா என்ற சதை வளர்ச்சி இருந்தால் அதன் செல்கள் உறைகட்டிக்குள் தெரியும். இங்கே நுண்ணோக்கி சொல்வது ஊகமல்ல. தொற்று என்று சந்தேகம் வந்தால் மொத்தத்தையும் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளராது. ஒரு துண்டை முதலிலேயே கிருமிநீக்கிய குப்பியில் போட்டு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.